ஏரிக்கரையில் ஓர் ஆள் குறைவு

தலையெண்ணி என்று பேர் வைத்தது வண்டியின் டிரைவர்தான். அவன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும், அத்தனை பொருத்தம். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவளுக்கும் உண்டு. அதை ரேஷன் கார்டில் பார்த்தால்தான் அவளுக்கே ஞாபகம் வரும்.

"ஒரே நாளில் அரண்மனை, ஏரி, கோயில்" என்று பலகை மாட்டிக்கொண்டு தினமும் காலை எட்டு மணிக்குக் கிளம்பும் சுற்றுலா வண்டிக்கு அவள் கைடு. வயது ஐம்பத்தெட்டு. முழங்கால் சொன்ன பேச்சு கேட்காது, குரல் மட்டும் கேட்கும். ஒவ்வோர் இடத்திலும் ஆட்களை இறக்கி, காட்டி, கதை சொல்லி, திரும்ப ஏற்றினதும் அவள் முதலில் செய்கிற காரியம் தலை எண்ணுவது. மற்ற கைடுகள் வாசற்படியில் நின்றுகொண்டு கண்ணாலேயே எண்ணிவிட்டு "ரைட், போகலாம்" என்பார்கள். இவள் அப்படி இல்லை. பின்சீட்டு வரைக்கும் நடந்து போய், அங்கிருந்து முன்பக்கமாக ஒவ்வொரு சீட்டின் முதுகிலும் விரலால் தட்டிக்கொண்டே வருவாள். ஒரு தட்டுக்கு ஒரு தலை. நடுவில் யார் பேசினாலும் காதில் விழாது. கணக்குத் தப்பினால் மறுபடி பின்சீட்டுக்கே போவாள்.

ஒருநாள் ஓர் அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, நாங்க என்ன கோழியா? கூண்டுல அடைக்கிற மாதிரி எண்ணிக்கிட்டே இருக்கே?"

"கோழின்னா பொழுது சாஞ்சா தானா வந்து அடைஞ்சிடும்மா. மனுஷங்கதான் போனைப் பார்த்துக்கிட்டே காணாமப் போறாங்க" என்றாள் தலையெண்ணி. வண்டியே சிரித்தது. அந்த அம்மாளும் சிரித்துவிட்டு, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

எண்ணிக்கை எப்போதும் பின்சீட்டில் சன்னலோர மூலையில்தான் ஆரம்பிக்கும். அங்கே மட்டும் சீட்டைத் தட்டமாட்டாள், உட்கார்ந்திருப்பவரின் தோளைத் தட்டுவாள். "ஒண்ணு" என்பாள். அவரும் நிமிர்ந்து பார்த்து, "ஒண்ணு" என்பார். அந்த ஒன்று அவள் வீட்டுக்காரர்.

கைடு என்றால் அந்த ஊரில் ஒரு காலத்தில் அவர்தான் கைடு. மைக் கிடையாது, ஒன்றும் கிடையாது. அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் நின்று அவர் வாயைத் திறந்தால், பக்கத்துக் கூட்டத்து ஆட்களும் தங்கள் கைடை விட்டுவிட்டு இங்கே வந்து நிற்பார்கள். அதில் மற்றவர்களுக்கு வயிற்றெரிச்சல். அவர்களும் சும்மா இல்லை. கூட்டம் சேர்க்க ஆளுக்கொரு ராணியை ஏரியில் தள்ளிக் கொன்றார்கள். ஒரு பௌர்ணமிக்கு ஒரு ராணி என்று கணக்குப் போட்டால் அந்த ஏரியில் தண்ணீருக்கு இடமே இருக்காது. இவர் மட்டும் பொய் சொல்லமாட்டார். "கல்லு இருக்கு, தூண் இருக்கு, தண்ணி இருக்கு. கண்ணால பார்க்கறதைச் சொல்லி முடிக்கவே ஒரு ஆயுசு பத்தாது. இல்லாத ராணியை எதுக்குக் கொல்லணும்?" என்பார்.

அப்போது அவள் வண்டி ஆபீசில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். அவர் காலையில் சவரம் செய்துகொண்டே அன்றைக்குப் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்ப்பார். அவள் அடுப்படியிலிருந்து திருத்துவாள். "நீளமா இருக்கு. வெயில்ல நிக்கிறவங்களுக்கு அவ்வளவு தாங்காது, பாதியா குறைங்க." பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வந்து நின்று அவர் சண்டை போடுவார். அப்புறம் அவள் சொன்னபடிதான் குறைப்பார். ஊரே மெச்சின அந்தப் பேச்சில் பாதி அவளுடையது. அது அவர்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இப்போது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ஏரிக்கரையில் நின்று, "இந்த ஏரியை வெட்டினது..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். கையை நீட்டினபடி தண்ணீரைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "யாருங்க வெட்டினது?" என்று கேட்டார். அவர்கள் அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார்கள். "ராஜா!" என்று யாரோ கத்த, எல்லோரும் கை தட்டினார்கள். அவரும் சேர்ந்து தட்டினார். டிரைவர் மட்டும் தட்டவில்லை. அன்று சாயங்காலம் ஆபீசுக்கு வந்து, "அக்கா, அண்ணனை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றான்.

டாக்டர் நல்ல மனுஷர், மூடி மறைக்காமல் சொல்லிவிட்டார். "இது சும்மா வயசாகி வர்ற மறதி இல்லம்மா. இது நிக்காது. இறங்கிக்கிட்டே போகும். கூடவே ஆள் இருக்கணும்."

முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, அவளைக் கூப்பிட்டு அதே வேலையைக் கொடுத்தார். அவளுக்கு அந்தப் பேச்சு தலைகீழாகத் தெரியும். ஆனால் வீட்டில் அவரை யார் பார்ப்பது? பக்கத்து வீட்டு அம்மாள் இரண்டு மாதம் பார்த்துக்கொண்டாள். எட்டு மணி ஆனால் போதும், "வண்டி வந்துடுச்சு" என்று அவர் தெருவில் இறங்கி நடந்துவிடுவார். மூன்று முறை தேடிக் கண்டுபிடித்தபிறகு அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். தலையெண்ணி முதலாளியிடம் போய் நின்றாள். "கூட்டிட்டு வாம்மா. கடைசி மூலை சீட்டுல யாரும் விரும்பி உக்கார்றதில்ல" என்றார் அவர்.

அப்படித்தான் பழைய கைடு தன் பெண்டாட்டியின் வண்டியில் பயணி ஆனார். தினமும் அதே அரண்மனைக்கு வந்தார். தினமும் அதை முதல்முறையாகப் பார்த்தார். கண்ணாடி மண்டபமோ கோயிலோ, அவள் பேசி முடித்ததும் கூட்டத்தின் கடைசியிலிருந்து அவர் குரல் வரும்.

"பரவாயில்லையே, ரொம்ப நல்லா சொல்றீங்களே. யாரு சொல்லிக்கொடுத்தது?"

"எங்க வீட்டுக்காரர்."

"கெட்டிக்காரரா இருப்பார் போலிருக்கே."

"கெட்டிக்காரர்தான்" என்பாள் அவள். முதல் தடவை இதைச் சொல்லிவிட்டு, அந்தப்புரத்துத் தூணுக்குப் பின்னால் போய் நின்று அழுதுவிட்டு வந்தாள். அப்புறம் பழகிவிட்டது. பழகிவிட்டது என்றா சொன்னேன்? இல்லை, அழுவதற்கு நேரம் இல்லை. அரண்மனைக்கு ஒரு மணி நேரம், ஏரிக்கு முக்கால் மணி, கோயிலுக்கு முக்கால் மணி. அதற்குள் மனுஷி அழுவாளா, ஆளை எண்ணுவாளா?

வேறு ஊரில் இருக்கும் மகனுக்கு இது பிடிக்கவில்லை. அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். மாதம் ஒருமுறை வருவான், ஒவ்வொரு தடவையும் அதே பேச்சு.

"அம்மா, இவங்களுக்குன்னே ஒரு இல்லம் இருக்கு. நான் நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்தேன். மரம், செடி, நர்ஸ் எல்லாம் இருக்கு. நீ இவரை வெயில்ல இழுத்துக்கிட்டு அலையறே. கூட்டத்துல எங்கயாவது விட்டுட்டா என்ன பண்ணுவே?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறும். "யாருடா விடறது? முப்பத்திரண்டு பேரை ஏத்திட்டுப் போய், முப்பத்திரண்டு பேரையும் முழுசாக் கொண்டாந்து இறக்கறவ நான். இந்த ஆறு வருஷத்துல ஒரு குடையைக்கூடத் தொலைச்சதில்ல. கட்டின புருஷனைத் தொலைச்சுடுவேனா?"

"சரி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தவறிச்சுன்னா?"

"தவறினா நானே கொண்டாந்து விட்டுடறேன், போ. என் வாயால சொல்றேன்."

கோபத்தில் விட்ட சொல்தான். ஆனாலும் அவள் சொன்னால் சொன்னதுதான் என்பது மகனுக்குத் தெரியும். அதற்குப்பிறகு அவன் இல்லத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. இனி அவர் தன் பக்கத்தில் இருப்பதும் இல்லாததும் தன் விரல் நுனியில் என்று அவளுக்குப் புரிந்துபோனது. அன்றிலிருந்து ஒருமுறை எண்ணின இடத்தில் இரண்டுமுறை எண்ணினாள்.

அந்தப் புதன்கிழமை ஏரியில் காற்று. நடு ஏரியில் இருக்கும் கல்மண்டபத்துக்குப் படகில் போய்விட்டுத் திரும்ப வேண்டும். கடைசிப் படகு கரை சேரவே இருபது நிமிஷம் தாமதம். கோயிலில் பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிடுவார்கள், அதற்கப்புறம் தலைகீழாக நின்றாலும் திறக்கமாட்டார்கள். டிரைவர் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தான். படகிலிருந்து இறங்கின ஒரு பாட்டி, பாசிப்படியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். தலையெண்ணி தன் பக்கத்தில் நின்ற வீட்டுக்காரரின் கையை விட்டாள்.

"ஏங்க, வண்டி அதோ நிக்குது. ஏறி உக்காருங்க, இதோ வந்துடறேன்."

வண்டி இருபதடி தூரம்கூட இல்லை. அவர் நடந்து போய்ப் படியில் கால் வைத்து உள்ளே ஏறினதை அவள் கண்ணால் பார்த்தாள். பார்த்த பிறகுதான் கீழே இறங்கிப் போய்ப் பாட்டியைத் தூக்கினாள்.

அவள் பார்க்காதது இரண்டு. ஏறும்போது அவருடைய ஒரு செருப்பு படியில் மாட்டிக் கீழே விழுந்ததும், பின்சீட்டுவரை போனவர் வெறுங்காலைப் பார்த்துவிட்டுச் செருப்பைத் தேடி மறுபடி இறங்கி வண்டிக்குப் பின்பக்கம் போனதும் ஒன்று. பயணி ஒருத்தரின் மச்சினர், உள்ளூர்க்காரர், அவர்களைப் பார்க்க ஏரிக்கு வந்தவர், "கோயில்வரைக்கும் நானும் வரட்டுமா?" என்று டிரைவரிடம் கேட்டு ஏறி, காலியாகக் கிடந்த மூலைச் சீட்டில் உட்கார்ந்தது இன்னொன்று. அவருக்கும் நரைத்த தலைதான்.

பாட்டியைக் கைத்தாங்கலாக ஏற்றி முன்சீட்டில் உட்கார வைத்தபோது மணி பதினொன்று நாற்பது. பாட்டியின் பைகள் நடைபாதையை அடைத்துக்கொண்டு கிடந்தன. முழங்கால் வலி உயிரைப் பிடுங்கியது. அந்த ஒரே ஒரு நாள், ஆறு வருஷத்தில் அந்த ஒரு நாள், தலையெண்ணி பின்சீட்டுக்குப் போகவில்லை. படியில் நின்று கண்ணாலேயே எண்ணினாள். பயணிகள் முப்பத்திரண்டு, அவர் ஒன்று, ஆக முப்பத்து மூன்று. மூலையில் நரைத்த தலை குனிந்திருந்தது. "ரைட், போகலாம்" என்றாள்.

பாட்டியைக் கைபிடித்து இறக்கி, நடை சாத்துவதற்குள் எல்லோரையும் அவசரமாகக் கூட்டிப்போய், கோயிலில் யானைச் சிற்பத்துக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கல்லில் செதுக்கினது, காது மடலில் நரம்புகூடத் தெரியும். பேசி முடித்தாள். கூட்டம் படம் பிடித்தது. அவள் காத்திருந்தாள். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று முதலில் அவளுக்கே விளங்கவில்லை. பின்னால் இருந்து எந்தக் குரலும் வரவில்லை. யாரு சொல்லிக்கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடைசிவரை போனாள். நரைத்த தலைக்காரர் நின்றிருந்தார். முகம் வேறு.

"நீங்க யாருங்க?"

"நான் இவங்க மச்சானுங்க. டிரைவர்தான் ஏறிக்கோன்னு சொன்னாரு. ஏம்மா, என்னாச்சு?"

டிரைவர் ஓடி வந்தான். நடந்தது புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். அவசரத்துல மறந்துட்டேன், அக்கா. நான் பாவி."

"உன்னைச் சொல்லி என்ன பண்றது? எண்ண வேண்டியவ நான்" என்றாள். "இவங்களைப் பத்திரமாப் பார்த்துக்க." வாசலுக்கு ஓடி ஆட்டோவில் ஏறினாள்.

வழியெல்லாம் நெரிசல். ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்து, "யாருக்காவது உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார். அவள் ஏரியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். படித்துறைப் பக்கம் ஆழம் எவ்வளவு என்று ஆயிரம் பேருக்குச் சொன்ன வாய் அது. மூன்று ஆள் ஆழம். இல்லாத ராணிகளைத் தள்ளின ஏரி என்று சிரித்தது போய், கடவுளே கடவுளே என்று வந்தாள்.

இறங்கும்போதே பார்த்துவிட்டாள். அவர் நின்றுகொண்டிருந்தார்.

வண்டி நிற்கும் இடத்தில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், சுட்டெரிக்கிற கல்தரையில், ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக நின்றிருந்தார். பத்தடி தள்ளி மரநிழல், அதில் பெஞ்சு. படகுக்காரர் கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு அவரைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"நல்லவேளை வந்தீங்கம்மா. ஒண்ணேகால் மணி நேரமா நிக்கிறாரு. நிழலுக்கு வாங்கன்னா வரமாட்டேங்கறாரு. என் செருப்பைப் போட்டுக்கோங்கன்னா அதுக்கும் மாட்டேங்கறாரு. நகரக் கூடாதாம்."

நகரக் கூடாது. தினமும் காலையில் வண்டி கிளம்பும்போது அவள் சொல்வது அது. அவளுக்கு முன்னால் இருபது வருஷம் அவர் சொன்னது. வழி தவறிட்டா தேடிக்கிட்டு அலையாதீங்க, இறங்கின இடத்துலயே நில்லுங்க, நான் கண்டிப்பா வருவேன். பெண்டாட்டி பேர் மறந்தவருக்கு இது மறக்கவில்லை. உள்ளங்கால் கொப்பளித்திருந்தது. அந்தக் காலை அவ்வப்போது மற்றக் காலின்மேல் வைத்து வைத்து எடுத்தார், இடத்தை விட்டு மட்டும் அசையவில்லை.

அவள் கிட்டப் போய் நின்றாள். வியர்த்து ஒழுகிய முகத்தோடு ஓடி வந்தவளை அவர் மேலும் கீழும் பார்த்தார். அவர் முகத்தில் இரக்கம் வந்தது.

"உங்களையும் விட்டுட்டுப் போயிட்டாங்களாம்மா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழாதீங்க. பயப்படாதீங்க. நானும் அதே வண்டிதான். இங்கயே என் பக்கத்துல நில்லுங்க. என் வீட்டுக்காரி வருவா. ஆள் குறைஞ்சா அவ வண்டியை எடுக்க விடமாட்டா. ரொம்பப் பிடிவாதக்காரி."

படகுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலையெண்ணி தன் செருப்பைக் கழற்றி, குனிந்து, அவர் காலில் மாட்டிவிட்டாள். அவர் கூச்சப்பட்டு, "ஐயோ, நீங்க எதுக்கும்மா?" என்றார். கொதிக்கிற கல்லில் வெறுங்காலோடு அவளும் அவர் பக்கத்தில் நின்றாள். கால் சுட்டது. சுடட்டும் என்று நின்றாள். டிரைவர் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வண்டியைத் திருப்பிக் கொண்டுவரும்வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். வண்டியைக் கண்டதும் அவர், "பார்த்தீங்களா, நான் சொல்லல?" என்று பெருமையாகச் சிரித்தார்.

அன்று சாயங்காலம் அவர் காலுக்கு மருந்து போட்டுவிட்டு மகனுக்குப் போன் செய்தாள்.

"ஒரு தடவை தவறிடுச்சுடா" என்றாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

மகனின் குரலே மாறிவிட்டது. "அம்மா, விடும்மா. யாருக்கும் நடக்கறதுதான். கோபத்துல ஏதோ சொன்னதை எல்லாம் மனசுல வெச்சுக்காதே. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்."

"இல்லடா. நான் எண்ணாம விட்டிருந்தா, நாளையிலிருந்து ஒழுங்கா எண்ணறேன்னு சொல்லுவேன். எண்ணினேன். பின்சீட்டுக்குப் போக முழங்கால் இடம் கொடுக்கல, கண்ணாலயே எண்ணினேன், எண்ணிக்கை சரியா இருந்துது. சரியா இருந்தும் அவர் இல்ல. இனிமே நான் எதை நம்பி அவரைக் கூட்டிட்டுப் போறது?"

"அம்மா..."

"அவர் என்னை நம்பித்தான்டா வெயில்ல நின்னாரு. அவர் நம்பறது தப்பாப் போகக் கூடாது. ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வா."

இல்லம் ஊருக்கு வெளியே இருந்தது. மகன் சொன்னது பொய் இல்லை. மரம் இருந்தது, செடி இருந்தது, அகலமான படிகளும் உயரமான கதவும் இருந்தன. அவர் காரிலிருந்து இறங்கி, கட்டுப் போட்ட காலை மெல்ல ஊன்றி, அண்ணாந்து கட்டிடத்தைப் பார்த்தார். கண் விரிந்தது.

"அடேயப்பா! இது எந்த ராஜா கட்டினது?"

தலையெண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு கட்டிடத்தின் முன்னால் நின்று அவளுக்குப் பேச்சு வராமல் போனது அன்றுதான். வெள்ளைச் சேலை உடுத்திய நர்ஸ் ஒருத்தி சிரித்தபடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு படி ஏறினவர் நின்று திரும்பினார்.

"இங்க எவ்வளவு நேரம்மா?"

மகன் அம்மாவைப் பார்த்தான். நர்சும் பார்த்தாள்.

"ஒரு மணி நேரம்" என்றாள் தலையெண்ணி.

"தாராளமாப் போதும்" என்றார் அவர். நர்சோடு பேசிக்கொண்டே படியேறி உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்தில் திரும்பி வரப்போகிறவர் எதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்?

அவள் காரில் வந்து உட்கார்ந்தாள். மகன் சாவியைக் கையில் எடுத்தான்.

"கிளம்பலாமாம்மா?"

"பொய் சொல்லிட்டேன்டா. அவர்கிட்ட நேரத்தைப் பொய்யாச் சொல்லிட்டேன்" என்றாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விம்மினாள். ஏழு வருஷமாக நேரமில்லாமல் தள்ளிப்போட்ட அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. மகன் சாவியைத் திருப்பவில்லை. அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். அந்த உயரமான கதவைப் பார்த்தபடி இரண்டு பேரும் ஒரு மணி நேரமும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் அவள், "வண்டியை எடு" என்றாள்.